உங்களுக்குத் தெரியுமா? கைப்பிடியைச் சுற்றினால் அலை ஓடும்!

டெல்லியிலுள்ள என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் 11-ஆம் வகுப்பு இயற்பியல் நூலில் ‘அலைகள்’ தனிப் பாடம். அதைக் கண்ணுக்குக் காட்டும் கைச்சுற்றுக் கருவி, டெல்லிக்கு வடக்கே சுமார் 200 கி.மீ. தொலைவில், ஆய்வகச் சாமான்களுக்குப் பேர்போன அம்பாலாவில் தயாராகிறது.

ஒரே அச்சில், மையம் விலக்கிப் பொருத்திய வட்டத் தகடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்றுத் திரும்பியிருக்கும். ஓர் அலைநீளத்துக்கு 12 தகடுகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 30 டிகிரி. தகட்டின் மேல் ஒரு கம்பி, கம்பி நுனியில் ஒரு குண்டு. கைப்பிடியைச் சுற்றியதும் முகடும் அகடும் பக்கவாட்டில் ஓடத் தொடங்கும். ஒரே ஒரு குண்டுக்குச் சிவப்புப் பொட்டு வைத்துப் பாருங்கள்: அது இருந்த இடத்திலேயே மேலும் கீழுமாகத்தான் போய்வரும். குறுக்கலை என்பது இதுதான்! திருப்பிச் சுற்றினால் அலையும் எதிர்த்திசையில் போகும்.

ஆசிரியர்கள் ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். இக்கருவியில் அலைநீளம் மாறாது. வேகமாகச் சுற்றினால் அலையின் வேகம் கூடும். நிஜக் கயிற்றில் அப்படியில்லை. இழுவிசையும் கயிற்றின் கனமும் வேகத்தைத் தீர்மானித்துவிடும். வேகமாக உதறினால் அலைநீளம்தான் குறுகும்.

இத்தகைய அலைகள் பூமிக்குள்ளும் ஓடும். 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கம் டெல்லியையும் குலுக்கியது. நிலநடுக்கத்தில் முதலில் வருவது, அலை ஓடும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைக்கும் நெட்டலையான ‘பி’; பின்னால் வரும் ‘எஸ்’ குறுக்கலை. திரவத்துக்குள் ‘எஸ்’ அலை நுழையாது. பூமியின் வெளிக்கருவம் திரவமே என்று கண்டறியத் துப்புக் கொடுத்தது அந்தக் குணம்தான்.