கீமோவுக்குப் பின் காய்ச்சலா? பனடோலுக்கு முன் போனை எடுங்கள்

ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை கிட்டத்தில்தான். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ இரவு முழுக்கப் பயணம். எங்கே கீமோ ஏற்றினாலும் நோயாளி வீட்டுக்கு வந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் கண்டம். கிருமியை எதிர்க்கும் நியூட்ரோபில் வெள்ளணுக்கள் அப்போது அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். சீழ், வீக்கம் ஒன்றும் தெரியாது. பல வேளை காய்ச்சல் மட்டுமே அடையாளம்.

அந்த நேரத்துக்கென்றே பிரித்தானியாவில் புற்றுநோய்ப் பிரிவுகள் 24 மணித்தியாலத் தொலைபேசி இலக்கமொன்றைக் கொடுத்தனுப்புகின்றன. பயிற்சி பெற்ற தாதி, சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறம் பிரித்த பட்டியலைப் பார்த்துக் கேட்பார்: கடைசியாக மருந்தேற்றியது எப்போது? குளிர் நடுங்குகிறதா? முரசில் இரத்தம் கசிகிறதா? காய்ச்சல் 38 பாகை செல்சியஸ் என்றால் மேற்கொண்டு பேச்சில்லை, உடனே புறப்பட வேண்டும். வைத்தியசாலைக்கு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோடிக் நாளத்தில் ஏற வேண்டும் என்பது கணக்கு.

நம் வீடுகளில் குறுக்கே நிற்பது பனடோல். இரண்டு வில்லை போட்டால் தேர்மாமீற்றர் இறங்கிவிடும், கிருமி இறங்காது. மாரியில் டெங்குச் சந்தேகம் வேறு. "நாளைக்குப் பார்ப்பம்" என்று ஓர் இரவைக் கடத்துவது கீமோ ஏற்றியவர்களுக்கு ஆகவே ஆகாது. அஸ்பிரின், ஐபுபுரோபன் பக்கமும் போகக்கூடாது. இரத்தவட்டுக்கள் குறைந்திருந்தால் இரத்தம் கசியும்.

நாள்பட்ட மைலோயிட் லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோயின் கதை வேறு. 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாடினிப், அதைத் தினமும் வில்லை போட்டுச் சமாளிக்கும் நோயாக்கிவிட்டது. வயிற்றுப் புரட்டல், இமை வீக்கம், கால் பிடிப்பு தாங்காமல் சிலர் ஒருவருக்கும் சொல்லாமல் வில்லையை விட்டுவிடுகிறார்கள். கிளினிக் நெரிசலில் வாய் திறக்காதவர், போனில் "மிஸ், ஒரு கிழமையா குடிக்கல்ல" என்று சொல்லிவிடக்கூடும். சாப்பாட்டோடு, நிறையத் தண்ணீரோடு எடுங்கள் என்ற ஒரு சொல்லே பலருக்குப் போதும்.

இப்படித் தாதிக்குச் சொல்வதால் ஆயுள் கூடுமா? நியூயோர்க்கில் 766 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. தங்கள் அவதிகளைக் கணினி வழியே தாதியருக்கு அறிவித்து வந்தவர்களின் இடைநிலை ஆயுள் 31 மாதம்; மற்றவர்களுக்கு 26. அவர்களுக்கு இருந்தது கட்டிப் புற்றுநோய், ஆகவே இரத்தப் புற்றுநோய்க்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஐந்து மாதம் சின்ன விஷயமில்லை.

அடுத்த கிளினிக்கில் வாட்டின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு, கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இரவில் வாகனம் இல்லையென்றால் 1990 இலவச அம்புலன்ஸ் இருக்கிறது. எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் வரிசையில் நிற்காமல் கொப்பியை நீட்டி, "கீமோ ஏத்தின ஆள், காய்ச்சல்" என்று முதலில் சொல்லுங்கள்.