ஸ்விட்ச் ஆஃப் பண்ணாலும் ஷாக் அடிக்குமா? வீட்டில் ஹெட்போன் ஆம்ப் செய்பவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கி, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருக்கிறது. வால்வு மினுமினுக்க, உள்ளே 350 வோல்ட்டை வைத்துக்கொண்டு பாடும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையரும் இருக்கிறது. பெயர் இரண்டுக்கும் ஒன்றுதான். முதலாவதில் தப்பு செய்தால் ஒரு ஐ.சி. போகும். இரண்டாவதில் உயிரே போகலாம். அதுவும் பிளக்கைப் பிடுங்கிய பிறகு!

அது எப்படி? ஆர்.சி.சி.பி. போட்ட வீட்டிலும் இந்த ஆபத்து இருக்கா? சொந்தமா ஆம்ப் செய்ய ஆசைப்படுபவர்கள் எதில் தொடங்கலாம்? பார்க்கலாம் வாங்க.

ஹெட்போனுக்கு எதுக்கு தனி ஆம்ப்?

எல்லா ஹெட்போனுக்கும் தேவையில்லை. செல்போனோடு வரும் இயர்போன்களின் மின்தடை பெரும்பாலும் 16 முதல் 32 ஓம்தான். போனோ, சின்ன டாங்கிளோ கொடுக்கும் 1 வோல்ட் சிக்னலே இவற்றுக்குப் போதும். 32 ஓமில் அது சுமார் 31 மில்லிவாட் சக்தியாகிறது.

ஸ்டுடியோ வகை ஹெட்போன்களில்தான் சிக்கல். சென்ஹைசர் எச்.டி. 600-ன் மின்தடை 300 ஓம். அதே 1 வோல்ட் இதில் வெறும் 3 மில்லிவாட்தான் கொடுக்கும். சத்தம் குறையும், பாட்டு சப்பென்று இருக்கும். இந்த வோல்ட்டை ஏற்றிக் கொடுப்பதுதான் ஹெட்போன் ஆம்பின் வேலை. அதற்குச் சில வோல்ட் போதும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி உதவும்.

எங்கே தொடங்கலாம்?

சென்னையின் மேற்குப் பக்கம் இந்தப் பொழுதுபோக்குக்கு வசதியான இடம். ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன் அரசினர் தோட்டம். அங்கிருந்து ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். 4440 போர்டு, 2030 போர்டு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர் என்று கேட்டு வாங்கி 'செட்' போட்ட தலைமுறை இன்றும் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறது. 1964-ல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி, தகரம் வெட்டி மடித்துக் கொடுக்கும் பட்டறைகளுக்கும் பஞ்சமில்லை.

முதல் ஆம்புக்கு உலகம் முழுக்கப் பலரும் எடுப்பது 'சிமாய்' என்ற வடிவம். 1990-களின் இறுதியில் சூ மோய் என்பவர் வெளியிட்ட எளிய சர்க்யூட் இது. இரட்டை ஆப்-ஆம்ப் ஐ.சி. ஒன்று, ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு வால்யூம் கன்ட்ரோல், கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர். அவ்வளவுதான். மிட்டாய் டப்பாவிலேயே அடக்கிவிடலாம்.

9 வோல்ட் ஏன் பாதுகாப்பானது? கணக்கு எளிது. மனித உடலின் மின்தடையை, மோசமான நிலையில், சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வார்கள். 9 வோல்ட்டை அதால் வகுத்தால் 9 மில்லி ஆம்பியர். காய்ந்த தோலின் மின்தடை இதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், கையால் தொட்டால் பெரும்பாலும் எதுவுமே தெரியாது.

இங்கே காப்பாற்ற வேண்டியது ஹெட்போனைத்தான். சால்டரிங் முடிந்ததும் ஹெட்போனை மாட்டிவிடாதீர்கள். மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, அவுட்புட்டில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் காட்டினால் எங்கோ தப்பு, ஹெட்போனின் காயில் கருகிவிடும். அளவு சரியாக இருந்தாலும், முதலில் விலை குறைந்த பழைய இயர்போனை மாட்டிப் பாருங்கள்.

அப்போ 350 வோல்ட் எங்கிருந்து வருது?

தாத்தா வீட்டு வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கா? ஆன் செய்தால் உடனே பாடாது, சூடாகிப் பாடும். அதே வால்வுகளை வைத்து ஹெட்போன் ஆம்ப் செய்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதன் ஒலியில் ஓர் இதம் இருப்பதாகச் சொல்கிறார்கள். பெங்களூருவின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ஒரு காலத்தில் வால்வுகள் தயாரித்தது. அவற்றைத் தேடிப் பிடித்து வாங்குபவர்களும் உண்டு.

வால்வுக்குள் எலக்ட்ரான்கள் வெற்றிடத்தைத் தாண்ட வேண்டும். அவற்றை வலுவாக இழுக்கப் பெரும்பாலான சர்க்யூட்டுகளில் 200 முதல் 350 வோல்ட் டி.சி. கொடுக்கப்படுகிறது. 250 வோல்ட் ஏ.சி. கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரை டயோடு வழியாகக் கெப்பாசிட்டரில் சேர்த்தால், ஏ.சி.-யின் உச்ச அளவு, அதாவது சுமார் 350 வோல்ட் டி.சி. நிற்கும். நம் வீட்டு 230 வோல்ட்டுக்கே உச்சம் 325 வோல்ட்.

ஆஃப் செய்த பிறகும் ஏன் அடிக்குது?

இங்கதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் 'கண்டன்சர்' என்று கேட்டால் கிடைக்கும் அந்தக் கெப்பாசிட்டர், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாத்திரம் மாதிரி. பிளக்கைப் பிடுங்கினால் வரத்து நிற்கும், சேர்ந்தது அப்படியே இருக்கும். வெளியேற வழி இல்லை என்றால் மணிக்கணக்கில்கூட இருக்கும்.

வால்வு சூடாக இருந்தால் அதன் வழியாகவே இந்த மின்சாரம் வடிந்துவிடும். அதனால் 'நான் எத்தனையோ தடவை தொட்டிருக்கேன், ஒண்ணும் ஆகல' என்று சிலர் நினைப்பார்கள். ஆனால் வால்வைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதனைக்காக ஆன் செய்தாலோ, வால்வின் ஹீட்டர் எரிந்துபோயிருந்தாலோ மின்சாரம் வடிய வழியே கிடையாது. பெட்டியைத் திறந்து ரிப்பேர் பார்க்கும் நேரம் பெரும்பாலும் இந்த நிலைதான்.

350 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால், தொட்ட நொடியில் 350 மில்லி ஆம்பியர். சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே கை இறுகிக்கொண்டு விட முடியாமல் போகும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் இதயத்துக்கே ஆபத்து.

ஆர்.சி.சி.பி. காப்பாற்றாதா?

வீட்டு வயரிங்கில் காப்பாற்றும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எல்லா வீட்டிலும் இருக்க வேண்டியதுதான். ஆனால் அது பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தை: பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா? வித்தியாசம் வந்தால் டிரிப் ஆகும்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் கதை வேறு. அங்கே நீங்கள் தொட்டால், மின்சாரம் அந்த வைண்டிங்கிலிருந்து கிளம்பி, உங்கள் உடல் வழியாக அதே வைண்டிங்குக்குத் திரும்பும். இந்தப் பக்கம் பேஸ், நியூட்ரல் இரண்டும் சமமாகவே இருக்கும். ஆர்.சி.சி.பி.-க்கு எதுவுமே தெரியாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகு கெப்பாசிட்டர் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

சேர்ந்த மின்சாரத்தை எப்படி வடிப்பது?

கெப்பாசிட்டரின் குறுக்கே நிரந்தரமாக ஒரு ரெசிஸ்டரைச் சால்டர் செய்துவிட வேண்டும். இதற்குப் பெயர் பிளீடர். 100 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டருக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால், 350 வோல்ட் எப்படி இறங்கும் என்று பாருங்கள்:

- 10 விநாடியில்: சுமார் 129 வோல்ட்
- 20 விநாடியில்: சுமார் 47 வோல்ட்
- 30 விநாடியில்: சுமார் 17 வோல்ட்
- 50 விநாடியில்: 3 வோல்ட்டுக்கும் கீழே

இந்த ரெசிஸ்டரில் எப்போதும் 1.2 வாட் சூடு இருக்கும். அதனால் கால் வாட், அரை வாட் ரெசிஸ்டர் போடக்கூடாது, 3 அல்லது 5 வாட் போடுங்கள். பிளீடரும் ஒருநாள் கழன்றுபோகலாம். எனவே ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நிமிடம் காத்திருந்து, மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

ஸ்குரூ டிரைவரை வைத்து 'டப்'பென்று ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம். உருகிய உலோகம் தெறித்தால் கண் போய்விடும்.

கை வைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

- டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மெயின்ஸை நேரடியாக எடுக்கும் சர்க்யூட்டில் ஹெட்போனை இணைக்கவே கூடாது. பழைய ஏ.சி./டி.சி. வால்வு ரேடியோக்களில் மெயின்ஸின் ஒரு முனை நேராகச் சேஸிஸுக்கே போயிருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுக்கப் பேஸ்தான்.
- பெட்டி உலோகம் என்றால் மூணு பின் பிளக்தான். எர்த் வயரைப் பெட்டியில் போல்ட் போட்டு முறுக்குங்கள். பேஸில் ஃபியூஸும் ஸ்விட்சும் வர வேண்டும். ஆனால் சாக்கெட்டில் மூணு ஓட்டை இருப்பதால் மட்டும் வீட்டில் எர்த் இருக்கு என்று அர்த்தமில்லை. லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் சோதித்துக்கொள்ளுங்கள்.
- மோதிரம், காப்பு, செயினைக் கழற்றுங்கள். காய்ந்த ரப்பர் செருப்பு போடுங்கள். ஆன் நிலையில் அளவெடுக்க நேர்ந்தால் ஒரு கையால் மட்டும் எடுங்கள். ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும் மின்சாரம் இதயத்தைத் தாண்டித்தான் போகும்.
- மீட்டரின் 10 ஆம்பியர் ஓட்டையில் வயரைச் செருகிவிட்டு வோல்ட் பார்க்காதீர்கள். அது நேரடி ஷார்ட். மீட்டரும் அதன் வயர்களும் குறைந்தது 600 வோல்ட் தாங்க வேண்டும்.
- வால்வு ஆம்பில் உயர் வோல்ட்டுக்கும் உங்கள் காதுக்கும் நடுவில் பெரும்பாலும் நிற்பது அவுட்புட் கெப்பாசிட்டர் ஒன்றுதான். பழைய போர்டில் பிடுங்கியதைப் போடாதீர்கள். போதிய வோல்ட் தாங்கும் புதியதை வாங்குங்கள். வால்வு சூடாகி, அவுட்புட்டை மீட்டரில் பார்க்கும் வரை ஹெட்போன் தலையில் ஏறக்கூடாது.
- 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்கு அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். அப்படி நனைந்த டிரான்ஸ்ஃபார்மரையோ ரேடியோவையோ 'காஞ்சிடுச்சு' என்று ஆன் செய்யாதீர்கள். ஈரத் தரையில் வேலையே வேண்டாம்.

முதல் தடவை ஆன் செய்யும்போது?

நம் எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்பு முறைதான் இதற்குச் சரி. 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஆம்போடு சீரிஸில் இணைத்து ஆன் செய்யுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தாலோ, மங்கலாக நின்றாலோ பெரும்பாலும் பிரச்னை இல்லை. பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே ஆஃப். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. ஒன்றை மறக்க வேண்டாம்: பல்பு காப்பாற்றுவது டிரான்ஸ்ஃபார்மரை, உங்களை இல்லை.

யாருக்காவது ஷாக் அடித்தால்?

தனியாக இந்த வேலையைச் செய்யாதீர்கள். மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கு, எப்படி அணைப்பது என்று வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள். ஷாக் அடித்தவரைத் தொடக்கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் விலக்க வேண்டும்.

உடனே 108-க்கு அழையுங்கள். பேச்சு மூச்சு இல்லை என்றால், ஆம்புலன்ஸ் வரும் வரை மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் 5 செ.மீ. ஆழம் போகும்படி அழுத்த வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போவது நல்லது. மின் தீக்காயம் வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கலாம். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

வால்வு ஆசையும் இருக்கு, பயமும் இருக்கு. என்ன செய்யலாம்?

நடுவில் ஒரு வழி உண்டு. சில வால்வுகளை 24 வோல்ட் அடாப்டரிலேயே ஓட்டி, கடைசிக் கட்டத்தை டிரான்சிஸ்டரிடம் விடும் 'ஹைப்ரிட்' சர்க்யூட்டுகள் இருக்கின்றன. ஆனால் வாங்கும் கிட்டுக்குள் வோல்ட்டை ஏற்றும் சர்க்யூட் இருக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலவற்றில் அடாப்டர் 12 வோல்ட்தான், உள்ளே நூற்றுக்கு மேல் இருக்கும்.

ஹெட்போனுக்குத் தேவை சில வோல்ட்தான் என்று ஆரம்பத்தில் பார்த்தோம். 350 வோல்ட் கேட்பது வால்வு, உங்கள் காது இல்லை. அதனால் பேட்டரி ஆம்ப் ஒன்றை முழுசாகச் செய்து, அளந்து, அதில் பாட்டு கேட்டு முடியுங்கள். அதன் பிறகும் வால்வு அழைத்தால், ஏற்கனவே செய்து பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முதலில் சால்டர் செய்ய வேண்டியது பிளீடரை.