மாதம் 6,000 ரூபாய் மிச்சம்... ஆனாலும் ஜூன் வந்தால் நகை அடகுக்குப் போவது ஏன்? குடும்ப பட்ஜெட் போடுவது எப்படி?

ஒன்னாம் தேதி சம்பளம் வருகிறது. பத்தாம் தேதி பார்த்தால் கணக்கில் சில நூறு ரூபாய்தான் மீதி. "அப்படி என்னதான் செலவு பண்ணோம்?" என்று கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது பல வீடுகளில் மாதாமாதம் நடக்கும் கதை. ஆடம்பரம் எதுவும் இல்லை, குடிப்பழக்கம் இல்லை, இருந்தும் பணம் நிற்பதில்லை. பள்ளி திறக்கும் ஜூன் மாசம் வந்தால் பீரோவில் இருக்கும் நகை அடகுக் கடைக்குக் கிளம்பிவிடுகிறது.

இதற்குக் காரணம் சம்பளம் குறைவு என்பது மட்டுமா? கணக்குப் போடும் முறையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அது எங்கே இருக்கிறது, எப்படி அடைப்பது என்பதை ஒரு உதாரணக் குடும்பத்தின் கணக்கை வைத்தே பார்க்கலாம்.

உதாரணக் குடும்பம்: வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?

கோவையில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் 2 பிள்ளைகள். இருவர் சம்பளமும் சேர்த்து பிடித்தம் போக கைக்கு வருவது 38,000 ரூபாய்.

மாதாமாதம் மாறாத செலவுகள்:

வீட்டு வாடகை - 9,000
பைக் இஎம்ஐ - 3,200
ஊரில் இருக்கும் பெற்றோருக்கு - 2,000
கேஸ், கரண்ட் - 1,800
போன் ரீசார்ஜ், இன்டர்நெட், கேபிள் - 1,000
மொத்தம் - 17,000 ரூபாய்

அன்றாடச் செலவுகள்:

மளிகை - 6,000
காய்கறி, பழம் - 2,500
பெட்ரோல், பஸ் - 2,400
பால் (நாளுக்கு 70 ரூபாய்) - 2,100
மீன், கறி, முட்டை - 2,000
மொத்தம் - 15,000 ரூபாய்

இரண்டையும் கூட்டினால் 32,000. வரவு 38,000. அப்படியானால் மாதம் 6,000 ரூபாய் மிச்சமாக வேண்டும். பேப்பரில் இருக்கிற இந்த 6,000 கையில் ஏன் இல்லை?

ஆண்டுச் செலவு என்னும் ஓட்டை

பெரும்பாலானவர்கள் பட்ஜெட் போடும்போது மாதச் செலவை மட்டும்தான் எழுதுகிறார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை வரும் செலவுகள் பல இருக்கின்றன. அவை "திடீர்ச் செலவு" என்ற பெயரில் வருகின்றன. உண்மையில் அதில் திடீர் என்று எதுவும் இல்லை. தீபாவளி எந்த மாசம் வரும், பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்தானே?

அதே குடும்பத்தின் ஆண்டுச் செலவுகளை எழுதினால்:

2 பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை - 30,000
தீபாவளி, பொங்கல் - 20,000
கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா மொய் - 9,000
டாக்டர், மருந்து - 8,000
பைக் இன்சூரன்ஸ், சர்வீஸ் - 5,000
மொத்தம் - 72,000 ரூபாய்

72,000-ஐ 12-ஆல் வகுத்தால் 6,000. அதாவது மாதாமாதம் மிச்சம் என்று நாம் நினைத்த அந்த 6,000 ரூபாய் ஏற்கெனவே செலவுக்குப் பேசி வைக்கப்பட்ட பணம். அதை மிச்சம் என்று நினைத்து எடுத்துச் செலவு செய்யும் இடத்தில்தான் பிரச்னை தொடங்குகிறது.

அந்த 6,000 எங்கே கரைகிறது?

2016-ல் யுபிஐ வந்த பிறகு சில்லறை தேடும் வேலை போய்விட்டது. கூடவே, பர்ஸ் மெலிவதைப் பார்த்து "போதும், நிறுத்து" என்று கை தானாக நிற்பதும் போய்விட்டது. 20 ரூபாய், 40 ரூபாய் என்று ஸ்கேன் செய்வது செலவாகவே தோன்றுவதில்லை. உதாரணக் குடும்பத்தில் பட்டியலில் வராத செலவுகள் இவை என்று வைத்துக்கொள்வோம்:

டீ, வடை, ஸ்நாக்ஸ் (நாளுக்கு 60 ரூபாய், 26 நாள்) - 1,560
வாரம் ஒருமுறை ஹோட்டல் அல்லது ஆன்லைன் ஆர்டர் (500 ரூபாய் வீதம் 4 வாரம்) - 2,000
ஓடிடி, ஆப் சந்தா - 400
மொத்தம் - 3,960 ரூபாய்

இவை எதுவும் தப்பான செலவு கிடையாது. உழைக்கிற மனுஷன் ஒரு டீ குடிக்கக்கூடாதா? ஆனால் ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 47,520 ரூபாய். பள்ளிக் கட்டணத்துக்கும் தீபாவளிக்கும் எடுத்து வைத்திருக்க வேண்டிய பணத்தில் இருந்துதான் இது போயிருக்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் நகை அடகுக்குப் போகிறது.

நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று வைத்துக்கொண்டாலும், சுமார் 47,500 ரூபாய் ஒரு வருஷம் கடனாக நின்றால் வட்டி மட்டும் 5,700 ரூபாய். கிட்டத்தட்ட ஒரு மாத மளிகைச் செலவு வட்டியாகப் போகிறது.

சரி, எப்படிச் சமாளிப்பது?

முதல் வேலை, டீயையும் பிரியாணியையும் அடியோடு நிறுத்துவது அல்ல. அப்படி நிறுத்தினால் இரண்டு வாரம்தான் தாங்கும். அதற்குப் பதில் "கைச்செலவு" என்று ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள். உதாரணக் குடும்பத்துக்கு 2,000 ரூபாய். அதற்குள் எதை வேண்டுமானாலும் வாங்கலாம், யாரும் கணக்குக் கேட்கக் கூடாது.

3,960-ல் 2,000 போக 1,960 குறைந்துவிட்டது. இந்த 2,000 ரூபாய்க்கு மற்ற செலவுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இடம் பிடிக்க வேண்டும்:

மளிகையில் 800: லிஸ்ட் எழுதி மாதம் ஒரே தடவை வாங்குவது, ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பையும், லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலையும் விடாமல் வாங்குவது.
பண்டிகையில் 500: தீபாவளி, பொங்கல் செலவை 20,000-ல் இருந்து 14,000 ஆக்கினால் ஆண்டுக்கு 6,000, மாதத்துக்கு 500.
மீன், கறியில் 300.
பயணத்தில் 200: அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லா பயணம் இருப்பதால் இது முடியும்.
ரீசார்ஜில் 200: யாருக்கும் தேவைப்படாத கூடுதல் டேட்டா பிளானை மாற்றுவது.

புதிய கணக்கு இப்படி வரும்: மாறாத செலவு 16,800, அன்றாடச் செலவு 13,700, ஆண்டுச் செலவுக்கான மாதப் பங்கு 5,500, கைச்செலவு 2,000. கூட்டினால் சரியாக 38,000.

இதில் சேமிப்பே இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான், இந்தக் குடும்பத்தால் இப்போதைக்கு அவ்வளவுதான் முடியும். ஆனால் நகை பீரோவிலேயே இருக்கும், வட்டி போகாது. பைக் கடன் முடியும் மாசத்தில் இருந்து 3,200 ரூபாய் விடுபடும். அதை வேறு இஎம்ஐ-க்குக் கொடுத்துவிடாமல் அப்படியே சேமிப்புக்குத் திருப்ப வேண்டும். அப்போது இந்த வீட்டின் மாறாத செலவும் அன்றாடச் செலவும் சேர்ந்து 27,300 ரூபாய். மாதம் 3,200 வீதம் போட்டால் ஒன்பதே மாதத்தில் ஒரு மாதச் செலவுக்கான அவசரகால நிதி கையில் இருக்கும். அதன்பிறகு அதை 3 மாதச் செலவாக வளர்க்கலாம்.

"50-30-20" விதி நமக்குப் பொருந்துமா?

யூடியூப் வீடியோக்களில் அடிக்கடி சொல்லப்படும் விதி இது. வருமானத்தில் 50 சதவீதம் தேவைகளுக்கு, 30 சதவீதம் விருப்பங்களுக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கு. அமெரிக்காவின் எலிசபெத் வாரனும் அவரது மகள் அமெலியாவும் 2005-ல் எழுதிய புத்தகம் மூலம் பிரபலமானது.

நம் உதாரணக் குடும்பத்தில் தேவைகளுக்கே 38,000-ல் 32,000, அதாவது 84 சதவீதம் போகிறது. இப்படிப்பட்ட வீட்டில் 50-30-20 போட முயன்றால் முதல் மாதமே விரக்திதான் மிஞ்சும். சம்பளம் உயரும்போது உயர்ந்த தொகைக்கு மட்டும் இந்த விதியைப் பயன்படுத்தலாம். 4,000 ரூபாய் இன்க்ரிமென்ட் வந்தால் அதில் 800 ரூபாயாவது முதலில் சேமிப்புக்குப் போகட்டும்.

ஆண்டுச் செலவுப் பணத்தை எங்கே வைப்பது?

சம்பளம் வரும் அதே கணக்கில் வைத்தால் அது நிற்காது. யுபிஐ இணைக்காத தனி சேமிப்புக் கணக்கு ஒன்று வேண்டும். சம்பளம் வந்த மறுநாளே 5,500 ரூபாய் தானாக அங்கே போகும்படி வங்கியில் சொல்லிவைக்கலாம். தேதி தெரிந்த செலவு என்றால் வங்கி ஆர்டி போடலாம். அஞ்சலக ஆர்டி-யில் மாதம் 100 ரூபாயில் இருந்தே சேரலாம் என்றாலும் அதன் காலம் 5 ஆண்டுகள். ஆகவே அது நீண்டகாலச் சேமிப்புக்குத்தான் ஏற்றது.

தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு போடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சீட்டு நடத்துபவர் 1982-ம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். தெரிந்தவர், தெருக்காரர் என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. சீட்டுப் பணத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது.

கிரெடிட் கார்டில் "மினிமம் டியூ" கட்டினால் போதுமா?

போதாது. பட்ஜெட்டைச் சத்தமில்லாமல் சாய்ப்பது இதுதான். கார்டில் 20,000 ரூபாய் பாக்கி, வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாத வட்டி 700 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 126 ரூபாய். ஆக 826. மினிமம் டியூ 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 1,000 ரூபாய். அதில் அசலில் கழிவது வெறும் 174 ரூபாய்!

பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. ஆகவே கார்டு பாக்கி இருந்தால், சேமிப்பைத் தொடங்கும் முன் அதை அடைப்பதுதான் லாபம். எந்த ஆர்டி-யும் மாதம் 3.5 சதவீதம் தராது.

மாதச் சம்பளம் இல்லாதவர்கள் என்ன செய்வது?

ஆட்டோ ஓட்டுபவர்கள், தறி வேலை செய்பவர்கள், கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு வருமானம். இவர்கள் சராசரியை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கடந்த ஒரு வருஷத்தில் மிகக் குறைவாக வந்த மாதம் எது என்று பாருங்கள். மழைக்காலமாக இருக்கலாம், ஆர்டர் இல்லாத மாதமாக இருக்கலாம். வாடகை, மளிகை, கடன் தவணை ஆகியவை அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். நல்ல மாதத்தில் கூடுதலாக வருவது மழை மாதத்துக்கான பணம். தினக்கூலி என்றால் தினமும் வீட்டுக்கு வந்ததும் வாடகைப் பங்கை முதலில் தனியாக எடுத்துவைத்துவிடுங்கள்.

எப்படித் தொடங்கலாம்?

1. யுபிஐ ஆப்பில் கடந்த 3 மாத பரிவர்த்தனைகளைத் திறந்து, 200 ரூபாய்க்குக் குறைவானவற்றை மட்டும் கூட்டுங்கள். அந்தத் தொகையே பல விஷயங்களைச் சொல்லிவிடும்.

2. அதே ஆப்பில் "ஆட்டோபே" பகுதிக்குப் போய், பயன்படுத்தாத சந்தாக்களை நிறுத்துங்கள்.

3. கைச்செலவு 2,000 ரூபாயை வாரம் 500 வீதம் யுபிஐ லைட்டில் ஏற்றுங்கள். ஆட்டோ டாப்-அப் வேண்டாம். தீர்ந்தால் அந்த வாரத்துக்கு அவ்வளவுதான்.

4. ஆண்டுச் செலவுப் பட்டியலைக் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து எழுதுங்கள். மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். நமக்குச் செய்தவர்கள் வீட்டில் அடுத்து என்ன விசேஷம் என்பது அதிலேயே தெரியும். அது திருப்பிச் செய்ய வேண்டிய பணம் என்பதால் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும்.

5. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லைப் பாதியாக்கி மாதக் கணக்கில் சேருங்கள். பில் வராத மாதத்தில் அந்தப் பணம் மிச்சம் என்று நினைத்துவிட வேண்டாம்.

6. இதற்கென்று பெரிய ஆப் எதுவும் தேவையில்லை. 20 ரூபாய் நோட்டு போதும்.

நடுவில் தொடங்கினால், உதாரணமாக ஏப்ரலில் ஆரம்பித்தால், ஜூனுக்குள் பள்ளிக் கட்டணம் முழுவதும் சேர்ந்துவிடாது. பரவாயில்லை, அந்த முறை குறைகிற தொகைக்கு மட்டும் கடன் வாங்குங்கள். 30,000 தேவைப்படும் இடத்தில் 11,000 கையில் இருந்தால் கடன் 19,000-தான். அடுத்த ஜூனுக்கு 12 மாதம் முழுசாக இருக்கிறது.