மேட்டு வயலுக்கு மயிலாப்பூர் கொடுக்கவேண்டிய கூலி

சென்னை தன் மேல்மடை விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கலாமா என்று கேட்டால், நகரத்தின் வரிப்பணத்தில் கிராமத்துக்குத் தானமா என்று பதில் வருகிறது. ஆனால் சென்னை ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 2000-களின் தொடக்கத்து வறட்சியில், திருவள்ளூர் மாவட்டத்தின் ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் இருந்த விவசாயக் கிணறுகளிலிருந்து மெட்ரோ வாட்டர் தண்ணீரை விலைக்கு வாங்கியது. 2017-லும் 2019-லும் மறுபடி வாங்கியது. நாற்று நட்டு, உரம் போட்டு, அறுத்து விற்பதைவிட மோட்டாரைப் போட்டுவிட்டு உட்காருவது லாபம் என்றால் விவசாயி மோட்டாரைத்தான் போடுவார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிணறு இல்லாதவருக்கும், அந்த வயலில் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தவருக்கும் அதில் பங்கில்லை என்பது வேறு விஷயம். இதே படுகையின் கடலோரத்தில், மீஞ்சூரில், அளவுமீறி இறைத்தால் என்ன ஆகும் என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1969-ல் கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்புநீர், 1983-க்குள் 9 கிலோமீட்டர் வரை உள்ளே வந்துவிட்டது. எடுப்பதற்குப் பணம் கொடுத்த நகரம், மழை பெய்யும்போது நிலத்தில் நிறுத்திவைப்பதற்கு இதுவரை கொடுத்ததில்லை. கணக்கைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இங்கே வாதம்.

தென்சென்னைவாசிக்கு இது தூரத்துச் சமாச்சாரமாகப் படலாம். ஆனால் மயிலாப்பூர், அடையாறு பக்கத்துக் குழாய்களில் வரும் நீரெல்லாம் தூரத்து நீர்தான்: செம்பரம்பாக்கம், 200 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள வீராணம், நெம்மேலியில் உப்பு நீக்கிய கடல்நீர். உள்ளூரில் இருந்ததை நாமே மூடினோம். இன்றைய தியாகராய நகரின் பெரும்பகுதி, 1920-களில் வற்றவைத்த நீண்ட ஏரியின் மேல் நிற்கிறது. தூரத்து நீருக்கு விலையும் அதிகம். மீஞ்சூர் கடல்நீர் ஆலையிடம் ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய்க்கு மேல் என்றுதான் ஒப்பந்தமே தொடங்கியது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்த 25 லட்சம் லிட்டரை நினைத்துப் பாருங்கள். இப்படிச் செலவழிக்கிற நகரம், வரப்புக்கும் புல்லுக்கும் காசில்லை என்று சொல்வது வேடிக்கை.

முதலில் மண். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கின் மொத்தக் கொள்ளளவு 11.257 டி.எம்.சி. என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறோம். அதில் வண்டல் அடைத்திருக்கும் இடத்தில் நீர் நிற்காது. உழுது வெறுமையாகக் கிடக்கும் சரிவில் ஐப்பசி மழை அடிக்கும்போது துளிகள் மண்கட்டியை உடைக்கின்றன; நுண்துகள்கள் மேல்பரப்பின் துளைகளை அடைக்கின்றன; உள்ளே இறங்க வழியில்லாத நீர் மண்ணை அள்ளிக்கொண்டு வரத்துக்கால்வாய்க்கு ஓடுகிறது. சரிவுக்குக் குறுக்கே உழவு, வரப்பு, ஓடை ஓரத்தில் புல், தொழு உரம் என்று இதற்கான வைத்தியம் பழையதுதான். வராத மண்ணைத் தூர்வார வேண்டியதில்லை. சண்டிகரில் 1958-ல் உருவான சுக்னா ஏரி வேகமாகத் தூர்ந்தபோது, மண் எங்கிருந்து வருகிறது என்று மேலே தேடிப் போன மண் பாதுகாப்பு விஞ்ஞானி பி.ஆர். மிஸ்ரா சுகோமாஜ்ரி என்ற மலையடிவாரக் கிராமத்தில் போய் நின்றார். அங்கே ஆடுமாடு மேய்ந்து மலை மொட்டையாகியிருந்தது. மேய்க்காதே என்று தடை போட்டுப் பயனில்லை. 1976-ல் சிறிய மண் அணை கட்டி, அந்த நீரில் நிலமில்லாதவர் உட்பட எல்லாக் குடும்பத்துக்கும் பங்கு என்றானதும், ஊராரே மேய்ச்சலை நிறுத்தினார்கள். ஏரிக்கு வரும் மண் வெகுவாகக் குறைந்தது. அங்கே கொடுத்த கூலி தண்ணீர். ஏரியைக் காத்தது அதில் இருந்த சமபங்கு.

அடுத்து நீர். ஜப்பானின் குமமோட்டோ நகரில் ஏழு லட்சம் பேருக்கும் குடிநீர் நிலத்தடியிலிருந்துதான். நெல் சாகுபடி குறைந்து நீர்மட்டம் இறங்கியபோது, 2000-களின் முதல் சில ஆண்டுகளில் சோனி தொழிற்சாலையும் பிறகு நகராட்சியும், மேற்பகுதி விவசாயிகள் பயிரில்லாத வயலில் ஆற்றுநீரை நிறுத்திவைக்கப் பணம் கொடுக்கத் தொடங்கின. நம் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் அரை அடி உயரத்துக்கு மழைநீர் நின்றால் சுமார் 6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 50 லோடு. அதற்காகத் துள்ளிக் குதிக்க வேண்டாம். 10,000 ஏக்கர் ஒருமுறை நிரம்பினாலும் கால் டி.எம்.சி.கூடத் தேறாது. குமமோட்டோவின் எரிமலை மண் சல்லடை. களிமண் வயலில் நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். ஆகவே ஆற்றோர மணற்பாங்கான நிலத்துக்கு அதிகமும், களிக்குக் குறைவுமாக, நிலம் பார்த்துத்தான் விலை வைக்க வேண்டும்.

இதில் வலுவான ஆட்சேபம் நீரியலிலிருந்தே வருகிறது: மேலே தேக்கினால் கீழே உள்ள ஏரிக்கு என்ன வரும்? 2022-ல் சித்தூர் மாவட்டத்தில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே நீர்த்தேக்கங்கள் கட்ட ஆந்திரம் முனைந்தபோது தமிழ்நாடு எதிர்த்தது இதனால்தான். பெங்களூருவின் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்துக்கு வரத்து வெகுவாகக் குறைந்துபோனதற்கு மேற்பகுதியின் ஆழ்துளைக் கிணறுகளும் தைலமரங்களும் முக்கியக் காரணங்கள் என்று ஆய்வுகள் காட்டின. அதாவது, தேக்கிய நீரை மேலேயே இறைத்துவிட்டால் நகரம் காசு கொடுத்துத் தன் குழாயைத் தானே அடைத்துக்கொள்கிறது. எனவே மண் காப்பதற்கு எல்லா இடத்திலும் கொடுக்கலாம்; நீர் நிறுத்துவதற்கு, கலங்கல் வழிந்து உபரி கடலுக்குப் போகும் நாட்களுக்கு மட்டும், புது போர்வெல் போடுவதில்லை என்ற உடன்பாட்டோடு கொடுக்க வேண்டும். வெள்ளத்துக்கு இது மருந்தா என்றால், ஓரளவுக்குத்தான். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததோடு, தாம்பரம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் நீரும் சேர்ந்துதான் அடையாறு கோட்டூர்புரத்துக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட மழையில் வரப்பு கட்டிய வயல் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். நடுத்தர மழைகளில்தான் அதன் பயன் தெரியும்.

மனை விலைதான் எனக்குச் சங்கடமான கேள்வி. சதுர அடிக் கணக்கில் விற்கும் நிலத்தை, ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்காக யாரும் வயலாக வைத்திருக்கப் போவதில்லை. தாம்பரம், பூந்தமல்லி வட்டாரத்தில் இந்தத் திட்டம் எடுபடாது. அங்கே நில உபயோகச் சட்டம்தான் பேச வேண்டும். ஊத்துக்கோட்டை, திருத்தணி, பள்ளிப்பட்டு போல உழவு இன்னும் உழவாகவே இருக்கும் இடங்களில் தொடங்கலாம். பட்டாதாரரோடு நிறுத்தாமல் குத்தகைதாரருக்கும் பங்கு எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் வரப்பை வெட்டுபவர் ஒருவர், காசு வாங்குபவர் இன்னொருவர் என்றாகும். பூண்டிக்கு மேலுள்ள நீர்ப்பிடிப்பில் ஒரு பகுதி ஆந்திரத்தில் இருக்கிறதே, அங்கே எப்படி என்று கேட்கலாம். 1983-ல் கிருஷ்ணா நீருக்காக ஆந்திரத்தோடு ஒப்பந்தம் போட்டு, கால்வாய்ச் செலவில் தன் பங்கைக் கொடுத்த மாநிலம் இது. நகரி மலையடிவாரத்து உழவர்களோடு போடவேண்டிய ஒப்பந்தத்துக்கு ஆகும் செலவு அந்தத் தொகையின் பக்கத்தில்கூட வராது.