பதிவேட்டில் ஏறாத காயம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிலின் ஈர வேலை யாருடையது என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உப்புத் தோலை உதறுவது, சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டுவது, சதை நீக்கும் இயந்திரத்தில் தோலைக் கொடுப்பது, குரோம் டிரம்மில் இருந்து நனைந்த தோலை வாரி இறக்குவது எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் தலித் குடியிருப்பில் இருந்து போகிறவர்களின் வேலை. அந்த வேலையில் விரல் போனாலும், கைத்தோல் வெடித்துப் புண்ணானாலும், அது எங்கே எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி.

எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 88ஆவது பிரிவு: விபத்தில் தொழிலாளி இறந்தாலோ, அடிபட்டு 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனாலோ, நிர்வாகம் தொழிற்சாலை ஆய்வாளர் தரப்புக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கடமையும் அதே 48 மணி நேரக் கணக்கும் இருக்கின்றன.

அந்த 48 மணி நேரத்தைக் கவனியுங்கள். அடிபட்ட மறுநாளே, "வேலை ஒன்றும் செய்ய வேண்டாம், வந்து உட்காரு, கூலி போட்டுவிடுகிறேன்" என்று மேஸ்திரி சொன்னால் அது கருணை போலத் தெரியும். கட்டுப்போட்ட கையோடு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழுந்துவிட்டால், காகிதத்தின்படி அவர் வேலைக்கு வந்துவிட்டார். அறிவிக்கத் தேவையான விபத்தே நடக்கவில்லை. ஆறு மாதம் கழித்து விரல் மடங்கவில்லை என்று போய் நிற்கும்போது, அந்தக் கையெழுத்துதான் அவருக்கு எதிரான சாட்சி.

சாவை அப்படி மறைக்க முடியாது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். நாடே அறிந்தது. கணக்கில் வராமல் போவது உயிர் போகாத காயங்கள்தான்.

மருத்துவமனையிலும் ஒரு பதிவேடு இருக்கிறது. அரசு மருத்துவமனையில் அடிபட்டுச் சேரும்போது, எப்படி நடந்தது என்று கேட்டு, பணியில் உள்ள மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று மக்கள் சொல்வது இதைத்தான். கூட வந்தவர் சொல்லிக்கொடுத்தபடி "வீட்டில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டால், அதன்பின் எந்த வக்கீல் வந்தாலும் கஷ்டம்தான். எந்த இயந்திரம், எத்தனை மணி, எந்தத் தொழிற்சாலை என்று அப்போதே சொல்லி எழுதவைக்க வேண்டும்.

காயத்தைவிட நோயின் நிலை மோசம். அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் குரோம் புண், ஆந்த்ராக்ஸ், தோல் அழற்சி, நுரையீரலில் கல்தூசி படிவதால் வரும் சிலிக்கோசிஸ், பஞ்சுத்தூசியால் வரும் பைசினோசிஸ் எல்லாம் இருக்கின்றன. நிர்வாகம் மட்டுமல்ல, வைத்தியம் பார்க்கும் மருத்துவரும் இதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் "என்ன வேலை செய்கிறீர்கள்" என்று கேட்காமலே களிம்பு எழுதிக் கொடுத்தால், அது வெறும் சொறியாக முடிந்துவிடுகிறது.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்காக 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த முறையில் இரண்டு கணக்குகள் முக்கியம். கோரிக்கையைப் பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். குரோமியத்தால் வரும் நோய் போன்றவற்றுக்கு, ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரரை மாற்றிக்கொண்டே இருந்தால், அதே டிரம்முக்கு முன்னால் 20 ஆண்டு நின்றவருக்கும் காகிதத்தில் ஆறு மாதம் சேராது. ஆனால் ஒப்பந்தக்காரரின் ஆள் என்று சொல்லி முதன்மை முதலாளி நழுவ முடியாது. இழப்பீட்டை அவரிடமே கேட்கலாம்; கொடுத்துவிட்டு அவர் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

சாக்கடைக்குள் இறங்குகிறவர்களுக்கு இந்தப் பதிவேடுகள்கூடக் கிடையாது. அன்றைக்குக் கூப்பிட்டு, அன்றைக்கே கூலி கொடுத்து அனுப்பும் வேலை அது. 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்தில் இருந்து 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம், மற்ற ஊனங்களுக்கு 10 லட்சத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. இறந்தவரின் உடல் சாட்சி சொல்லும். விஷவாயுவில் மயங்கிப் பிழைத்து, பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே வாழ்கிறவருக்கு எது சாட்சி?

இந்தப் பதிவேடுகளில் பெயர், வயது, துறை, செய்த வேலை, நேரம், காயத்தின் தன்மை எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. சாதிக்குக் கட்டம் இல்லை. அதனால் யார் அடிபடுகிறார்கள் என்று அரசைக் கேட்டால் பதில் வராது. கேட்ட இடத்தில் பதில் வந்திருக்கிறது. நாடு முழுவதும் கையால் மலம் அள்ளுவோர் என 58,098 பேர் அடையாளம் காணப்பட்டதாகவும், சாதி விவரம் உள்ள 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர் என்றும் மத்திய அரசே 2021இல் நாடாளுமன்றத்தில் சொன்னது. தோல் தொழிற்சாலைக் காயங்களுக்கும் அப்படி ஒரு கணக்கு எடுத்தால் எப்படி இருக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு தகவல். ஈ.எஸ்.ஐ. விதிகளின்படி நிறுவனம் விபத்துப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். அடிபட்டவர் வாய்மொழியாகச் சொன்னாலும் அது அறிவிப்புதான். எழுத வராதவர் என்றால், அவருக்காக மகனோ மகளோ அந்தப் புத்தகத்தில் விவரத்தை எழுதலாம். அதுவே போதுமான அறிவிப்பு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் வேலைக்காயத்துக்கான உதவித்தொகைக்கு உரிமை உண்டு, இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. புத்தகத்தைத் தர மறுத்தால், அதே விவரத்தைத் தாளில் எழுதி, பக்கத்தில் நின்றவர்களின் பெயரோடு, ஸ்பீட் போஸ்ட்டில் நிர்வாகத்துக்கும் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் அனுப்பி, நகலையும் தபால் ரசீதையும் ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.