வாடகை விமானமும் வீட்டு லைசென்ஸும்

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியை அடுத்து, சென்னீர்குப்பம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே எங்கள் தெருவில் ஒரு பிள்ளையாண்டான் இருந்தான். வானத்தில் விமானச் சப்தம் கேட்டால் சாப்பிடும் இலையை விட்டு எழுந்து வாசலுக்கு ஓடுகிறவன். பெரியவனானதும் நம் தேசத்திலேயே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டான். சொந்த உல்லாசத்துக்காகப் பறக்கும் லைசென்ஸும் பெற்றான். பிறகு உத்தியோகம் அவனை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டு போயிற்று.

ஒரு நாள் அவனுடைய தாயார் என்னிடம் வந்தார். "அண்ணா! அங்கே வாடகைச் சைக்கிள் மாதிரி ஆகாய விமானத்தையும் வாடகைக்குக் கொடுக்கிறார்களாமே? நான் போனால் என்னையும் ஏற்றிக்கொண்டு பறப்பேன் என்கிறான். நம் ஊர் லைசென்ஸ் அங்கே செல்லுமா? நான் ஏறலாமா?" என்று கேட்டார்.

கேள்வி சிறியதுதான். ஆனால் ஒரு தாயார் தம் உயிரையும் பிள்ளையின் உயிரையும் சேர்த்து வைத்துக் கேட்கும் கேள்வி அல்லவா? விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரித்ததில் தெரிந்தவற்றை வாசகர்களுக்கும் சொல்லுகிறேன்.

கொடி யாருடையது?

ஒவ்வொரு விமானத்தின் உடலிலும் அது எந்தத் தேசத்தில் பதிவானது என்பதைக் காட்டும் எழுத்துக்கள் உண்டு. இந்திய விமானத்துக்கு 'வி.டி.'; இங்கிலாந்து விமானத்துக்கு 'ஜி'; அமெரிக்க விமானத்துக்கு 'என்'. 1944-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் தேதி சிக்காகோ நகரில் பல தேசத்தார் கூடிக் கையெழுத்திட்ட உடன்படிக்கை, இந்த எழுத்துக்களைக் கொண்டே விமானியின் தகுதியைத் தீர்மானிக்கிறது. விமானம் எந்தத் தேசத்தில் பதிவானதோ, அந்தத் தேசம் விமானிக்கு லைசென்ஸ் கொடுத்திருக்க வேண்டும். அல்லது பிற தேசம் கொடுத்த லைசென்ஸைத் தன்னுடையதுபோல் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே, நம் லைசென்ஸை வைத்துக்கொண்டு நம் விமானத்தில் உலகைச் சுற்றலாம். அயல் தேசத்து விமானத்தைத் தொடவேண்டுமானால் அந்தத் தேசத்தின் அனுமதி வேண்டும்.

இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. 1947 ஏப்ரல் 4-ஆம் தேதி அது அமுலுக்கு வந்தது. நான்கு மாதங்கள் கழித்து நம் தேசம் சுதந்திரம் அடைந்தது. ஆகையால் சுதந்திர இந்தியா தன் பிள்ளைகளுக்குக் கொடுத்த விமானி லைசென்ஸ், ஆரம்பத்திலிருந்தே உலகத்தார் மதிக்க வேண்டிய பத்திரமாயிருந்தது.

முன்னே பறந்தவர்கள்

பிற தேசத்து வானம் நம்மவர்களுக்குப் புதிது அல்ல. ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டா 1929-இல் இந்தியாவின் முதல் எண்ணுள்ள விமானி லைசென்ஸைப் பெற்றார். அடுத்த ஆண்டு, இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் அறிவித்த 500 பவுன் பரிசுக்காக அவர் கராச்சியிலிருந்து கிளம்பினார். எதிர்த் திசையில் வந்த ஆஸ்பி எஞ்சினீர் என்ற இளைஞர், மாற்று 'பிளக்' இல்லாமல் எகிப்தில் தவித்துக்கொண்டிருந்தார். டாட்டா தம்மிடமிருந்ததைக் கொடுத்து உதவினார். பரிசு அந்த இளைஞருக்கே போயிற்று!

நம் சென்னை ராஜ்யத்துக் கதையும் ஒன்று உண்டு. பெங்களூரை அடுத்த ஜக்கூர் விமானப் பள்ளியில் 1949-இல் தேறிய ஸ்ரீமதி உஷா சுந்தரம், தம் கணவர் ஸ்ரீ வி. சுந்தரத்துடன் 1951-இல் இங்கிலாந்து சென்றார். சென்னை சர்க்கார் வாங்கிய 'டவ்' என்ற இரட்டை எஞ்சின் விமானத்தை அத்தம்பதிகளே ஓட்டிக்கொண்டு, லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

காகிதமும் பரீட்சையும்

இனி நம் பிள்ளையாண்டானிடம் வருவோம். அமெரிக்க விமானச் சட்டத்தில் 61.75 என்று ஒரு விதி இருக்கிறது. அதன்படி அவன் தன் இந்திய லைசென்ஸைப் பற்றிய விவரங்களை ஒக்லஹோமா நகரிலுள்ள அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் டில்லிக்கு எழுதி, "இது மெய்யான லைசென்ஸ்தானா?" என்று கேட்பார்கள். பதில் வந்து சேர இரண்டு மூன்று மாதம் பிடிக்கலாம். அதன் பிறகு அவன் நேரில் போய், ஆங்கிலம் பேசவும் படிக்கவும் தெரியும் என்று காட்டினால், அமெரிக்கச் சான்றிதழ் கிடைக்கும். இங்கே கூலிக்குப் பறக்கும் லைசென்ஸே வைத்திருந்தாலும் அங்கே இவ்விதியின் கீழ்க் கிடைப்பது சொந்த உபயோகச் சான்றிதழ்தான். அது இந்திய லைசென்ஸின் நிழல். மூலம் செல்லாமற் போனால் நிழலும் செல்லாது.

சான்றிதழ் கையில் வந்ததும் விமானத்தில் ஏறிவிட முடியாது. ஓர் ஆசிரியருடன் குறைந்தது ஒரு மணி நேரம் பாடமும் ஒரு மணி நேரம் பறப்புமாகப் பரிசீலனை நடக்கும். வாடகைக்கு விடும் கழகமும் தன் பங்குக்கு ஒருமுறை சோதித்துப் பார்க்கும். வாடகையோ, டாக்ஸி மீட்டர் போல, எஞ்சின் ஓடும் நேரத்தை மணியில் பத்தில் ஒரு பங்காகக் கணக்கிட்டு வாங்கப்படுகிறது. கழகத்தின் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கழகத்தைக் காப்பாற்றத்தான். வாடகைக்கு எடுப்பவன் தனக்கென்று தனியாக ஒன்று எடுத்துக்கொள்வதே விவேகம்.

பழக்கமே பகை

பிற தேசத்தில் பறப்பவனுக்குப் பெரிய சத்துரு அவனுடைய பழக்கந்தான். உயரம் காட்டும் கருவியை இங்கே 'ஹெக்டோபாஸ்கல்' கணக்கில் திருத்துகிறோம். அங்கே பாதரச அங்குலத்தில் திருத்துகிறார்கள். அதில் ஓர் அங்குலம் தவறினால் உயரத்தில் ஏறக்குறைய ஆயிரம் அடி தவறிப்போகும். அளவைக் குழப்பம் தேர்ந்த விமானிகளையும் விடுவதில்லை. 1983-இல் கனடாவில் ஒரு பெரிய பிரயாணி விமானத்துக்கு, கிலோவில் போட வேண்டிய எரிபொருளைப் பவுண்டுக் கணக்கில் போட்டுவிட்டார்கள். நடுவானில் இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானி சாமர்த்தியமாகச் சறுக்கிக்கொண்டு வந்து பழைய விமானத் தளம் ஒன்றில் இறக்கியதால் எல்லாரும் பிழைத்தார்கள்.

அமெரிக்காவில் பொது ஜனங்கள் உபயோகிக்கும் விமான நிலையங்கள் சுமார் 5,000. அவற்றில் கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ளவை சுமார் 500-தான். மற்ற இடங்களில், "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இன்ன பக்கமாக இறங்கப் போகிறேன்" என்று விமானியே ரேடியோவில் அறிவித்துவிட்டு இறங்க வேண்டும். கோபுரத்தின் கட்டளைக்குப் பழகிய காதுக்கு இந்த மௌனம் திகைப்பாயிருக்கும். மீனம்பாக்கம் கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே உள்ளது. கொலராடோவிலுள்ள லெட்வில் நிலையமோ 9,934 அடி உயரம். நம் உதகமண்டலத்தைவிட உயரம்! அங்கே காற்று மெலிந்திருப்பதால் சிறு விமானம் தரையைவிட்டு எழும்ப வெகுதூரம் ஓட வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் மேகம். கருவிகளைக் கொண்டு பறக்கப் பழகாத 20 பேரை வைத்து 1954-இல் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில் ஒரு சோதனை நடத்தினார்கள். வெளியே ஒன்றும் தெரியாதபோது, சராசரி 178 விநாடிகளில் விமானம் அவர்கள் வசம் தப்பிவிட்டது. மூன்று நிமிஷங்கூட இல்லை! 1999 ஜூலையில் ஜனாதிபதி கென்னடியின் புதல்வர், மூடுபனி இரவில், கடலுக்கும் வானத்துக்கும் எல்லை தெரியாத இடத்தில், மனைவியுடனும் மைத்துனியுடனும் விழுந்து மாண்டார். லைசென்ஸ் அவரிடம் இருந்தது. கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதி இல்லை. திசையுணர்வு தடுமாறியதே காரணம் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள்.

தாயாருக்குச் சொன்ன பதில்

இவ்வளவையும் அந்த அம்மாளிடம் சொன்னேன். "லைசென்ஸ் செல்லும். உங்களை ஏற்றிக்கொள்ளலாம், கூலி மட்டும் வாங்கக்கூடாது. ஆனால் ஏறுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். 'கடந்த 90 நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாய்?' என்று முதலில் கேளுங்கள். மூன்று முறைக்குக் குறைவானால் பிறரை ஏற்றிக்கொள்ளச் சட்டமே இடங்கொடாது. அடுத்து, 'வானம் கறுத்தால் திரும்பிவிடுவாயா?' என்று கேளுங்கள். அதற்கு அவன் சொல்லும் பதில்தான் நிஜமான லைசென்ஸ்" என்றேன்.

அந்த அம்மாள் போய்வந்தார். திரும்பியதும் முதல் வேலையாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பறந்தீர்களா?" என்று கேட்டேன்.

"கால் மணி நேரம் பறந்தோம், அண்ணா. தூரத்து மலைமேல் மேகம் இறங்கிற்று. நான் வாயைத் திறக்குமுன்னே அவன் விமானத்தைத் திருப்பிவிட்டான். இவருக்குத்தான் ஒரே குறை, வாடகை வீணாகிவிட்டதாம்!" என்றார்.

அந்த வாடகை வீணாகவில்லை என்பது என் அபிப்பிராயம்.