மான் வாடைக்கு இழுக்கும் நாய்க்கு எந்தப் பட்டை ஏற்றது?

(பண்ணை ஒலிபரப்பில் இடம்பெற்ற உரை)



காட்டோரம் கடலையும் மக்காச்சோளமும் போடுகிறவர்களுக்கு ராக்காவல் புதிதில்லை. காட்டுப்பன்றி வரும், மான் வரும். டார்ச் லைட்டும் தகரமும் ஒரு கையில், நாய்க் கயிறு இன்னொரு கையில். இப்படித்தான் நம்மில் பலருக்கு ராத்திரி கழிகிறது.

மலையடிவாரக் கிராமம் ஒன்றுக்குப் பயிர் பார்க்கப் போயிருந்தேன். ஒரு பெரியவர் தம் நாயைக் காட்டி, "என்னங்கய்யா, பத்து நாளா இதுக்கு இருமல். குரைச்சா சத்தமே வரமாட்டேங்குது. ஏதாச்சும் மருந்து சொல்லுங்க" என்றார். "நான் பயிருக்கு வைத்தியம் சொல்கிறவன். நாயைக் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள்" என்றேன். ஆனாலும் நாயின் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். விரல் பருமன் நைலான் கயிறு. அதன் கீழே முடி உதிர்ந்து, தோல் தடித்துப் போயிருந்தது. காட்டு வாடை வந்ததும் நாய் முன்னால் பாயும், இவர் கயிற்றைப் பிடித்துப் பின்னால் இழுப்பார். அந்த இழுப்பு முழுவதையும் தாங்கியது நாயின் குரல்வளை. டாக்டரும் பிறகு அதையேதான் சொன்னாராம்.

நாமே யோசித்துப் பார்ப்போமே. வண்டி மாட்டுக்கு நுகத்தடியை எங்கே வைக்கிறோம்? பிடரியில் வைக்கிறோம். குரல்வளையில் கயிற்றைப் போட்டு யாராவது பாரம் இழுக்கச் சொல்வார்களா? ஜட்கா வண்டிக் குதிரைக்கும் நெஞ்சிலும் தோளிலும்தான் வார் போடுவார்கள். இழுக்கிற பிராணி எதுவானாலும் தொண்டையால் இழுக்கக் கூடாது. நாய்க்கும் இதே கணக்குத்தான்.

ஜெர்மனி, இங்கிலாந்து போன்ற நாடுகளில் சட்டப்படி உரிமம் பெற்று மான் வேட்டையாடுகிறவர்கள் உண்டு. அடிபட்ட மான் ஓடி மறைந்துவிட்டால், அது கிடந்து துன்பப்படக் கூடாது என்று மோப்ப நாயை நீளக் கயிற்றில் கட்டித் தடம் பிடிக்க விடுவார்கள். நாய் தரையை முகர்ந்துகொண்டு வெகுதூரம் இழுத்துப் போகும். அதற்கு அகலமான தோல் பட்டையையோ மார்புப் பட்டையையோ மாட்டுவார்கள். தொண்டை நெரிந்தால் மூச்சும் முட்டும், மோப்பமும் கெடும் என்பது அவர்கள் அனுபவம்.

நம் நாட்டில் சங்கதி வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். சுட்டுக் கொன்றால்தான் வேட்டை என்று நினைத்துவிடாதீர்கள். நாயை ஏவி விரட்டிப் பிடிக்கப் பார்ப்பதும் அந்தச் சட்டத்தில் வேட்டைதான். "நாய் தானா ஓடிருச்சு சார்" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று இருக்க வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அவிழ்த்துவிட்ட நாயைக் காட்டுப்பன்றி குத்திக் கிழித்துவிடும், சிறுத்தை தூக்கிப் போய்விடும். ஆகவே ராக்காவலில் நாய் கயிற்றில்தான் இருக்க வேண்டும். கயிற்றில் இருக்கிற நாய் இழுக்கத்தான் செய்யும். அதனால்தான் மார்புப் பட்டை தேவைப்படுகிறது. கடையில் 'பாடி பெல்ட்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

எப்படிப் பார்த்து வாங்குவது?

முதலில் அளவு. ஒரு நூலை எடுத்து, நாயின் முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சு எங்கே பருமனாக இருக்கிறதோ அங்கே சுற்றி அளந்துகொள்ளுங்கள். கழுத்தின் அடிப்பகுதியையும் அளந்துகொள்ளுங்கள். நெஞ்சுச் சுற்றளவு 26 அங்குலம் என்றால், 22 முதல் 30 அங்குலம் வரை கூட்டிக் குறைக்கக்கூடிய பட்டையாக வாங்குங்கள். நாய் இளைத்தாலும் பெருத்தாலும் சரிசெய்துகொள்ளலாம்.

இரண்டாவது, முன்பக்க அமைப்பு. இரண்டு தோளிலிருந்தும் இறங்கும் வார்கள் நெஞ்செலும்பின் மேல் ஒன்று சேர்ந்து, முன்னங்கால்களுக்கு நடுவே போக வேண்டும். கவட்டைக் குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த வடிவம்தான். தோளுக்குக் குறுக்கே ஒரே வாராகப் படுக்கையாகப் போகிற பட்டை வேண்டாம். அது கால் வீசி நடப்பதைத் தடுக்கும்.

மூன்றாவது, வயிற்று வார். அக்குளை ஒட்டி இருந்தால் உரசிப் புண்ணாகும். முன்னங்காலுக்கு மூன்று, நான்கு விரல்கடை தள்ளி இருக்க வேண்டும். வாருக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் நாய் பின்வாங்கிக் கழற்றிக்கொண்டு ஓடிவிடும். சிப்பிப்பாறை, கன்னி வகை நாய்களுக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம், தலையும் குறுகல். கழுத்துப் பட்டை சுலபமாகத் தலைவழியே உருவிக்கொள்ளும். இவற்றுக்கு விலாவுக்குப் பின்னால் இன்னொரு வார் உள்ள பட்டை நல்லது.

நான்காவது, கயிறு கோர்க்கும் வளையம். அது முதுகின் மேல், சற்றுப் பின்தள்ளி இருக்கட்டும். அப்போது கயிறு காலில் சிக்காது. சுழலும் கொக்கியாக இருந்தால் கயிறு முறுக்கேறாது.

ஐந்தாவது, பொருள். தோல் பட்டை மெதுவாக இருக்கும். ஆனால் பனியிலும் மழையிலும் நனைந்தால் விறைத்துவிடும், நிழலில் உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். நைலான் நாடா நனைந்தாலும் கெடாது, விலையும் குறைவு. அதன் ஓரம் கத்திபோல் இருந்தால் மட்டும் வாங்காதீர்கள். நடுத்தர நாய்க்கு ஓர் அங்குல அகலமாவது வேண்டும். பிளாஸ்டிக் கிளிப்பை நம்ப வேண்டாம், பித்தளை அல்லது துருப்பிடிக்காத இரும்புப் பக்கிள் நல்லது. உங்கள் ஊரில் மாட்டுக்குச் சலங்கைப் பட்டை தைக்கிறவர் இருந்தால், மேலே சொன்ன அளவைக் கொடுத்து அவரிடமே தைத்துக்கொள்ளலாம்.

கயிறு 3 மீட்டர் இருந்தால் வயலுக்குப் போதும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நாய் திடீரென்று பாய்ந்தால் விரல் ஒடியும், ஆளையே தரையில் இழுத்துப் போட்டுவிடும்.

வாங்கியதும் அன்று ராத்திரியே மாட்டிக்கொண்டு காட்டோரம் போகாதீர்கள். பகலில் வீட்டு வாசலில் பத்து நிமிஷம் மாட்டி நடத்துங்கள், கொஞ்சம் தீனி கொடுங்கள். நாலைந்து நாளில் பழகிவிடும். காவல் முடிந்து வந்ததும் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே கட்டிப்போட்டால் கடித்துக் குதறும், அக்குளில் புண்ணும் வரும். கழற்றும்போது அக்குளையும் நெஞ்சையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். வீட்டில் கட்டிவைக்க அகலமான கழுத்துப் பட்டை போதும். குட்டிக்குக் கழுத்துப் பட்டை போட்டவர்கள் வாரம் ஒருமுறை தளர்த்திப் பாருங்கள். குட்டி வளர்கிறது, பட்டை வளர்வதில்லை. சதையில் பதிந்து புழு வைத்த கழுத்துகளை நானே பார்த்திருக்கிறேன்.

பட்டை நன்றாக இருக்கிறதே என்ற தைரியத்தில் யானை நடமாட்டம் உள்ள நாளில் நாயைக் கூட்டிப் போகாதீர்கள். நாய் குரைத்து யானையைச் சீண்டும், பிறகு உங்கள் காலடிக்கே ஓடி வரும், பின்னாலேயே யானையும் வரும். அதேபோல், காட்டோர நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போட்டுவிடுங்கள்.

அந்தப் பெரியவர் அடுத்த முறை நான் போனபோது கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாலு வார் பட்டை தைத்து மாட்டியிருந்தார். நான் வரப்பில் ஏறும் முன்பே நாய் கணீரென்று குரைத்தது. "இப்பத்தாங்க ஊருக்கே கேக்குது" என்றார் சிரித்துக்கொண்டே. நமக்காக ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிற பிராணி அது. அதன் தொண்டையை நாம் காப்பாற்றினால், நம் வெள்ளாமையை அது காப்பாற்றும்.